லேடீஸ் பெட்டியில் பேச்சு குறைந்த கதை

செல்போன் வந்ததிலிருந்து மனிதர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் என்னால் முழுசாகத் தலையாட்ட முடிவதில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறிப் பாருங்கள், பெட்டியில் பாதிப் பேர் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். என்ன, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேச மாட்டார்கள். நான் கூடுவாஞ்சேரியில் ஏறிச் சேத்துப்பட்டில் இறங்குபவள். 2001-லிருந்து, பிரசவத்துக்கு விட்டதும் கொரோனாவுக்கு விட்டதும் போக, இதே தடம், பெரும்பாலும் இதே லேடீஸ் பெட்டி. செல்போனே இல்லாத பெட்டி, பட்டன் போன் பெட்டி, ஸ்மார்ட்போன் பெட்டி என்று மூன்றிலும் சீசன் டிக்கெட்டோடு போய் வந்தவள் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அக்கா தங்கையாகப் பழகினோம் என்று கதை விடப்போவதில்லை. நான்காவது ஆளுக்கு நகர்ந்து இடம் கொடுக்காததற்கு நடந்த சண்டைகளை எழுதினால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். ஆனால் பேச்சைத் தொடங்கக் காரணங்கள் அன்று இறைந்து கிடந்தன. மணி என்னங்க? இது தாம்பரத்தோடு நின்றுவிடுமா, பீச் வரைக்கும் போகுமா? அந்த நடுப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொடுக்கிறீர்களா? ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை இருக்குமா, பூக்காரம்மாவிடம் இல்லையாம். இப்படித்தான் ஆரம்பிக்கும். மறுநாள் அதே முகம் எதிரே வந்து உட்கார்ந்தால் ஒரு சிரிப்பு, அப்புறம் கொஞ்ச நாளில் அரைக்கீரைக் கட்டைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் மடியில் போட்டுக்கொண்டு ஆய்ந்து கொடுக்கும் அளவுக்கு வந்துவிடும். மாலை வண்டியில் பூண்டு உரிப்பது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது, தவணைக்குச் சேலை விற்பது, சீட்டுப் பணம் வசூலிப்பது, ஆயுத பூஜைக்குப் பெட்டியில் மாவிலை கட்டிப் பொரிகடலை கொடுப்பது, எல்லாம் நடந்தது. யாருடைய முழுப் பெயரும் யாருக்கும் தெரியாது. குரோம்பேட்டை அக்கா, பல்லாவரம் டீச்சர், கிண்டிப் பொண்ணு என்று ஸ்டேஷன்தான் பெயர். நான் மட்டும் அக்கா, டீச்சர் எதுவும் சேராமல் வெறும் 'கூடுவாஞ்சேரி'. ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை தெரியாது.

செல்போன் வந்த உடனே இதெல்லாம் போய்விடவில்லை. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல், கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும், வருகிற அழைப்புக்கும் காசு. எங்கள் பெட்டிக்கு அது வந்து சேரவே பல வருடம் பிடித்தது. 2003-ல் இன்கமிங் இலவசமான பிறகுதான் கைப்பைக்கு ஒரு நோக்கியா என்று ஆனது. அந்தப் பட்டன் போன் வருடங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பேசினால் காசு என்பதால் சுருக்கமாகப் பேசினார்கள். மாலையில் ஊரப்பாக்கம் வந்ததும் ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான், கூடுவாஞ்சேரியில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு நிற்பார். போனில் பார்ப்பதற்கென்று ஒன்றும் இல்லாததால் கண் வெளியேதான் இருந்தது. யாருக்காவது வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்தால் அவர் வாயைத் திறக்கும் முன்பே நாலு தண்ணீர் பாட்டில் நீளும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2015-ல் எங்கள் தடத்துக்குப் போனிலேயே டிக்கெட் எடுக்கும் யூடிஎஸ் செயலி வந்தது, கவுண்டர் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் 'எனக்கும் சேர்த்து ஒரு கிண்டி எடுத்துருங்க' என்று காசை நீட்டுவது மெல்ல மெல்லப் போனது. 2016 செப்டம்பரில் ஜியோ, முதல் சில மாதம் டேட்டா இலவசம். பெட்டியில் தலைகள் மொத்தமாகக் குனிந்தது அந்த வருடக் கடைசியில்தான் என்று அடித்துச் சொல்வேன். அதே நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின, அதற்கப்புறம் கொய்யாப்பழக் கூடையிலும் க்யூஆர் அட்டை ஏறியது, சில்லறை கேட்கும் வேலை தீர்ந்தது. வண்டி எங்கே வருகிறது என்று சொல்ல ஒரு செயலி, வழி சொல்ல மேப், மணியும் பேப்பரும் போனுக்குள்ளேயே. எல்லாம் வசதிதான், திருப்பிக் கொடு என்றால் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் மேலே எழுதிய அத்தனை கேள்விகளுக்கும் பதில் ஒரே கைக்குள் வந்துவிட்டதைப் பாருங்கள். மனம்விட்டுப் பேசுவதைப் போன் கெடுத்துவிட்டது என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். மனம்விட்டுப் பேசுகிறவர்கள் இன்றும் எப்படியாவது பேசிவிடுகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் முதல் தடவை வாயைத் திறக்க ஒரு சாக்கு வேண்டும் இல்லையா, காணாமல் போனது அதுதான்.

அதில் என்ன பெரிய நஷ்டம் என்று என் பையனே கேட்டான். அவனுக்கு நான் சொன்னது 2015 டிசம்பர் வெள்ளம். அன்று மாலை வண்டி ஊர்ந்து ஊர்ந்து குரோம்பேட்டை வந்து நின்றது, இனி போகாது என்றார்கள். மழை கொட்டுகிறது, மின்சாரம் இல்லை, சிக்னல் ஒருவர் போனில் ஒரு கோடு, இன்னொருவர் போனில் அதுவும் இல்லை. குரோம்பேட்டை அக்கா அன்றைக்கு லீவு. எங்கள் யாரிடமும் அவர் முகவரி எழுத்தில் கிடையாது. ஆனால் வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஏனென்றால் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே இருக்கும் மாவு மில்லில் அவர் தீபாவளிக்குத் தீபாவளி போடும் சண்டை, மில்லுக்குப் பின்னால் தெருவிளக்கே எரியாத சந்து, சந்துமுனை வீட்டு நாய், மாடிக்கு வெளிப்பக்கமாகப் போகும் இரும்புப் படி, இதையெல்லாம் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். முழங்கால் தண்ணீரில் பல்லாவரம் டீச்சர் முன்னால், அவர் பின்னால் நாங்கள், மில்லைக் கண்டுபிடித்து, சந்தைக் கண்டுபிடித்து, நாய்க்குப் பயந்து, கடைசியில் அந்த இரும்புப் படியில் ஏறிக் கதவைத் தட்டினோம். டீச்சர் பல்லாவரத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம், எங்களுக்காக வந்தார். தண்ணீர் வடியும்வரை அங்கேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். இன்று அதே அக்காவிடம் வீடு எங்கே என்று கேட்டால் லொக்கேஷன் அனுப்புவார். அது துல்லியமாகவும் இருக்கும். அன்று இரவு எங்களுக்கு அது திறந்திருக்காது.

போனைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. 2020 மார்ச்சில் ரயில்கள் நின்று மாதக்கணக்கில் ஓடாமல் இருந்தபோது எங்கள் கூட்டத்தை உடையாமல் வைத்திருந்தது ஒரு வாட்ஸப் குழுதான். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று எல்லாமே அதில் வந்தது. ஓய்வு பெற்ற பல்லாவரம் டீச்சர் இன்றும் அதில் இருக்கிறார், காலையில் முருகன் படம் போடாமல் அவருக்குப் பொழுது விடியாது.

ஆனால் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியபோது நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் நடந்தது. எல்லாரும் வந்தோம், பழைய இடத்தில் உட்கார்ந்தோம், பேச ஒன்றும் இல்லை. கிண்டிப் பொண்ணுக்கு வரன் அமைந்ததா? குழுவில் வந்துவிட்டது, பூங்கொத்துப் படம் எல்லாரும் போட்டாகிவிட்டது. அக்காவின் மாமியார் விழுந்தது? வந்துவிட்டது, எக்ஸ்ரேயோடு. 'ம், பார்த்தேன்' என்று ஒரு வார்த்தையில் ஒவ்வொரு செய்தியும் செத்தது. முன்பு அதே விஷயத்தை பெருங்களத்தூரில் ஆரம்பித்தால் மாம்பலம் வரை இழுப்போம், நடுவில் நாலு பேர் குறுக்கே பேசி, வேறு எங்கோ போய், திரும்பி வந்து. செய்தி தெரிவது வேறு, அதை ஒருவர் வாயால் கேட்பது வேறு என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் நாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். குழுவில் வண்டி தாமதம், அவசரம், கேள்விகள் மட்டும். மற்றதைப் பெட்டியில் சொல்வது. 'ஒரு விஷயம் இருக்கு, நாளைக்குச் சொல்றேன்' என்று போட்டால் போதும், மறுநாள் வண்டியில் ஆஜர் நிறையும். எல்லாரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று சொல்ல முடியாது, முருகன் படம் நிற்கவில்லை, அதை நிறுத்தச் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை. ஆனால் குடும்பக் குழுக்களிலும் இதைச் செய்து பாருங்கள் என்று சொல்வேன். பிள்ளையின் மார்க், புது வீட்டுச் சாவி, முதல் சம்பளம் போன்றவற்றைக் குழுவில் போடுவதற்கு முன் இரண்டு மூன்று பேருக்காவது போன் போட்டு வாயால் சொல்லுங்கள். அப்புறம் படத்தைப் போடலாம். அந்த இரண்டு மூன்று பேர் அதை மறக்க மாட்டார்கள்.

ஒரு இருட்டான விஷயமும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், சென்னையிலிருந்து குடும்பத்தோடு கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மா வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊர் கூடி அடித்தே கொன்றார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வாட்ஸப் வதந்தி அப்போது தமிழ்நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவின் பல இடங்களில் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் பெட்டியில் அதற்கு முன்பு அழுகிற குழந்தைக்கு யாராவது ஒரு பிஸ்கட் நீட்டுவது மூச்சு விடுவதுபோல் சாதாரணம். அந்த மே மாதத்துக்குப் பிறகு கைகள் பைக்குள் போய்த் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் பையில் இப்போதும் பிஸ்கட் இருக்கும், ஆனால் குழந்தையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து 'கொடுக்கலாமாம்மா?' என்று கேட்டுவிட்டுத்தான் பிரிப்பேன். பெரும்பாலும் சரி என்பார்கள், அதோடு பேச்சும் தொடங்கிவிடும். ஊர்பேர் தெரியாத ஆள் பற்றிப் பயமுறுத்தும் எதையும் குழுவில் போடுவதில்லை என்பதும் எங்கள் ஏற்பாட்டில் சேர்ந்தது.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். அங்கே 2022-லிருந்து தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஊதுகிறார்கள், ஒன்றரை மணி நேரம் செல்போன், டிவி எல்லாம் நிறுத்தம், பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் பேச. இதைப் படித்துவிட்டு வந்து அக்கா, நமக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் அப்படி வைத்துக்கொள்ளலாமா என்றார். முதலில் போனை அணைத்துப் பைக்குள் போட்டுப் பார்த்தோம். ஓடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால்? மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்தால்? மீனம்பாக்கம் வருவதற்குள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்துவிட்டோம். அப்புறம் மாற்றினோம், சத்தத்தை முழுசாக வைத்துப் பைக்குள் போடுவது, அழைப்பு வந்தால் எடுக்கலாம், திரையைப் பார்ப்பது மட்டும் கிடையாது. இது நின்றது. அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பதில் பாதி ஆசை, பாதி பயம். பயத்துக்கு ஒரு வழி செய்துவிட்டால் ஆசையைக் கொஞ்ச நேரம் ஒத்திப்போடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. சாப்பாட்டு மேஜையில் போன் கூடாது என்று சட்டம் போட்டுத் தோற்கும் வீடுகளில், போனை சைலன்ட்டில் போடச் சொல்வதுதான் தவறோ என்று எனக்குச் சந்தேகம்.

அந்தத் தாம்பரம் கிண்டி நேரத்தில்கூட அலுவலகத்திலிருந்து மெசேஜ் வரத்தான் செய்யும். எடுக்க வேண்டியிருந்தால் 'மேனேஜர் கேட்கிறார், பதில் போட்டுட்டு வரேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுக்கிறோம். சின்ன விஷயம்தான், ஆனால் சொல்லாமல் குனிகிறபோது எதிரில் பேசிக்கொண்டிருந்தவருக்கு நம் பேச்சு அலுத்துவிட்டது போல என்று தோன்றும், சொல்லிவிட்டுக் குனிந்தால் தோன்றாது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் குனிந்துவிட்டால்? நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன், கோபமாக இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நிமிர்ந்ததும் 'சொல்லுங்க' என்றால் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். 'என்ன எப்பப் பார்த்தாலும் போன்' என்று சொன்னால் அந்த நட்பு அன்றைக்குக் கிண்டியோடு இறங்கிவிடும்.

காதில் இயர்போன் போட்ட இளம்பெண்களைப் பற்றி எங்கள் வயதுக்காரிகள் நிறையப் பேசுவோம். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். காலேஜ் போகும் ஒரு பெண் ஒருநாள் தானே சொன்னாள், பாதி நேரம் பாட்டே ஓடாதாம், முன்பின் தெரியாதவர்கள் 'கல்யாணம் ஆச்சா, எவ்வளவு சம்பளம்' என்று கேட்பதிலிருந்து தப்பிக்கத்தான் காதில் வைத்திருக்கிறாளாம். கேட்டதும் சிரிப்பு வந்தது, அப்புறம் நாங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து சிரிப்பு போய்விட்டது. இப்போது அந்த வயசுப் பிள்ளைகளிடம் சொந்த விஷயம் எதையும் கேட்பதில்லை, உதவிதான் கேட்கிறேன். இந்த ஓடிபி எங்கேம்மா வரும், இந்தப் படத்தை எப்படிச் சின்னதாக்குவது, இந்த ஜன்னல் இறங்க மாட்டேங்குது ஒரு கை கொடு. இயர்போன் தானாகக் கழன்றுவிடும். நமக்கு விடை தெரிந்திருந்தால்கூட இன்னொருவரிடம் வழி கேட்கலாம், மேப்பும் சொல்லும்தான், ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் இஸ்திரிக்காரர் சொன்னால் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்பதும் சேர்ந்து வரும்.

போன் வந்ததால்தான் பேச்சே வந்தவர்களும் இருக்கிறார்கள். காலை வண்டியில் காது கேளாத பெண்கள் இருவர் வருகிறார்கள், இருவரும் வேறு வேறு ஸ்டேஷனில் ஏறுபவர்கள், ஒருத்தி ஏறும்வரை மற்றவளோடு வீடியோ காலில் சைகையில் பேசிக்கொண்டே வருவாள், விரல்களும் முகமும் என்ன வேகம். பட்டன் போன் காலத்தில் அவர்களுக்கு இது கிடையாது. அதே பெட்டியில் ஒரு வீட்டுவேலை செய்யும் அம்மா, விடிவதற்கு முன் கிளம்பிவிடுவதால் மகள் பள்ளிக்குப் புறப்படுவதை வீடியோவில்தான் பார்க்கிறார், பின்னல் சரியாக இல்லை என்று அங்கிருந்தே திட்டுவார். இவர்களைப் பார்த்து 'போனை வை' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

என் கோபம் எல்லாம் ஸ்பீக்கரில் ரீல்ஸ் பார்ப்பவர்கள் மேல்தான். ஒரே பாட்டின் அதே பதினைந்து விநாடி, திரும்பத் திரும்ப, பெட்டி முழுக்க. 'சத்தத்தைக் குறைங்க' என்றால் சண்டை, டிடிஆரிடம் சொல்வேன் என்றால் பெரிய சண்டை. குரோம்பேட்டை அக்காவிடம் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் போய் நெருக்கி உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, 'என்னம்மா பாக்குற, எனக்கும் காட்டேன்' என்பார். சிலர் சட்டென்று போனை அணைத்துவிடுவார்கள். சிலர் நிஜமாகவே காட்டுவார்கள். அப்படிக் காட்டிய ஒருத்தி போன வாரம் சைதாப்பேட்டை வருவதற்குள் அக்காவிடம் இரண்டு கிலோ முறுக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு இறங்கினாள்.